வால்வு

சலவை மெஷினின் வால்
முன்பெல்லாம் நேரே கானுக்குள் கிடந்தது.
இப்போது சுவரில் ஒரு துளைவழி வெளியேறி
வாழையடிக்குப் போகிறது.
நடுவில் ஒரு வால்வு,
ஆமர் வீதியில் பேரம் பேசி வாங்கியது.
குடிக்கிற தண்ணீர் இல்லையென்று தெரிய
கைப்பிடிக்கு ஊதா பூசினேன்
(மகளின் நகப்பூச்சு;
இரண்டு நாள் என்னுடன் கதைக்கவில்லை ஜெனோஷா).

இடப்பக்கம் திருப்பினால் மரம்.
வலப்பக்கம் கான்.
இதைவிட எளிதான முடிவு
இந்த வீட்டில் வேறில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வளவு
இரண்டு பாய் விரித்தால் முடிந்துபோகும்.
அதற்குள் ஒரு வாழை, ஒரு கறிவேப்பிலை,
மதிலோரம் செவ்வரத்தை,
ரெஜிபோம் பெட்டியில் வல்லாரை.
வல்லாரைக்கு மட்டும் குழாய்த் தண்ணீர்.
பச்சையாகச் சம்பல் போடுகிற இலைக்கு
நேற்றைய சட்டையின் கழுத்தழுக்கு எதற்கு?

வாழை அப்படியில்லை, கொடுத்ததைக் குடிக்கும்.
நுரை மண்ணில் இறங்கும் சத்தத்தை
நின்று கேட்டிருக்கிறேன்,
சோடாப் போத்தலைத் திறந்துவைத்த மாதிரி.

முதல் மாதம் ஒரு பிழை விட்டேன்.
வீணாகிறதே என்று
நீலப் பீப்பாயில் பிடித்துவைத்தேன்.
மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால்
கூழ்முட்டை மூச்சு.
மூடியைத் திரும்பப் போட மறந்தேன்.
பத்தாம் நாள் பிஎச்ஐ வந்து டோர்ச் அடித்து
உள்ளே துள்ளிய குடம்பிகளை
எனக்கும் காட்டினார்.

மதிலுக்கு மேலால் சந்திரலதா பார்த்துக்கொண்டிருந்தாள்.
போன மே மாதம் அவளுடைய மகன்
டெங்குக் காய்ச்சலில் பன்னிரண்டு நாள்
சேலைன் ஏறக் கிடந்தவன்.
ஒன்றும் சொல்லவில்லை அவள்.
பிஎச்ஐ எழுதியது வெறும் எச்சரிக்கை.
தண்டம் அவள் கண்ணில் இருந்தது.

அன்றே பீப்பாயைக் கவிழ்த்து அடியில் ஓட்டை போட்டேன்.
அன்றைய தண்ணீர் அன்றைக்கே மண்ணுக்கு.
மழை நாளில் கானுக்கு.
குலை தள்ளிப் பழுத்தபோது
அவளுக்கு ஒரு சீப்பு கொண்டுபோனேன்.
ஒரு பழத்தை உரித்து முகர்ந்தாள்.
வாழைப்பழ வாசம்தான்.
வாங்கி உள்ளே வைத்தாள்.

போன வியாழன்
வாழைக் கன்றின் குருத்து ஓரம் கருகியிருந்தது.
குனிந்து மண்ணை முகர்ந்தேன்.
பிளீச்.
நான் போடவே இல்லை.

சகாயநாதனின் வார்ட் உடுப்பை
எப்போதும் நான்தான் தோய்ப்பேன்,
தனியாக, சுடுதண்ணீரில்,
வால்வு வலப்பக்கம்.
அந்தத் தண்ணீருக்கு எங்கள் வளவில் இடமில்லை,
அது முதல்நாளே பேசி முடித்தது.
புதன் இரவு அவனே தோய்த்திருக்கிறான்.
நான் பார்க்கக் கூடாத ஏதோ
அந்தச் சட்டையில் இருந்திருக்கிறது.
கொடியில் தொங்கியது அது,
அளவுக்கு மீறி வெள்ளையாக.

கேட்கவில்லை.
கையுறை போட்டு மேல்மண்ணை வழித்துப் பையில் கட்டினேன்.
குழாய்த் தண்ணீர் நான்கு வாளி
மெதுவாக ஊற்றினேன்.
பக்கத்தில் நின்ற பாவத்துக்குக்
கறிவேப்பிலையையும் தொடவில்லை,
நல்ல மழை இரண்டு வரட்டும் என்று.
குழம்பில் அது இல்லாததை அவன் கவனித்தான்.
அவனும் கேட்கவில்லை.

நேற்றிரவு ஒன்றரை மணிக்கு மெஷின் ஓடியது.
அதற்கு முன்னால் ஒரு சின்ன ‘டக்’.
படுத்தபடியே காதைக் கொடுத்தேன்,
மண்ணா, சீமெந்தா என்று.
கானில்தான் விழுந்தது தண்ணீர்,
வெகுநேரம்.

விடிய எழும்பிப் போனால்
கைப்பிடி இடப்பக்கம் திரும்பியிருக்கிறது,
என் பங்குத் தண்ணீருக்காக.
ஊதா கொஞ்சம் உரிந்திருக்கிறது.
ஜெனோஷாவிடம்
இன்னொரு முறை கேட்க வேண்டும்.